குஞ்சுக்குப் பொடி போதுமா?

வண்ணமீன் வளர்ப்பவர்களிடையே ஓர் அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றி நிற்கிறது. பெரிய மீனுக்குப் போடும் தீனியையே விரலிடுக்கில் வைத்து நொறுக்கியோ, மிக்ஸியில் இட்டு மாவாக்கியோ தூவிவிட்டால் குஞ்சுகளுக்கு அதுவே போதும் என்பதும், இன்னும் நன்றாகக் கவனிக்க விரும்பினால் அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடலாம் என்பதும், உயிருள்ள ஆகாரம் தேடிப் போவது வீண் தொல்லை, அழுக்கு, செலவு என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் ஒரு ஜோடி கௌராமியை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறவர் முதல், மாடியில் பத்துத் தொட்டி வைத்துக் குஞ்சு விற்கிறவர் வரை, இதைச் சந்தேகிக்க வேண்டிய விஷயமாகவே கருதுவதில்லை. இந்த அபிப்பிராயம் தவறு என்பதும், தொட்டிகளில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடிவதற்குப் பெருங்காரணம் இதுவே என்பதும் என் துணிபு.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுவதும் எடுத்துரைக்காமல் மறுக்கப் புகுவது தர்மமன்று. கப்பி, மாலி, பிளாட்டி முதலிய குட்டி போடும் மீன்களின் குஞ்சுகள் பொடியைத் தின்றே வளர்வதை எல்லோரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். சாக்கடை வாய்க்கால்களிலிருந்து அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழுவால் தொட்டி முழுவதும் வியாதி பரவிய அநுபவம் பலருக்கு உண்டு. மீன்பண்ணைகளில் கெண்டைக் குஞ்சுகள் கடலைப் பிண்ணாக்கிலும் தவிட்டிலும்தான் லட்சக்கணக்கில் வளர்கின்றன என்கிறார்கள். சத்துகளை நிறுத்து அளந்து தொழிற்சாலையில் தயாரிக்கும் தீனி, குட்டையில் பிடித்த பூச்சியைவிட எவ்விதத்தில் தாழ்ந்தது என்று கேட்கிறார்கள். இத்தனைக்கும் மேலாக, ஆயிரம் குஞ்சில் தொள்ளாயிரம் சாவது இயற்கை நியதி என்று ஒரு சமாதானமும் வைத்திருக்கிறார்கள். இவற்றில் முழுப்பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ள உண்மை, அது பொருந்தாத இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டிருக்கிறது.

1. குஞ்சு என்பது சிறிய உருவில் இருக்கும் பெரிய மீனா? பொடிக் கட்சியின் வாதம் அனைத்தும் இந்த ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. கப்பியைப் பொறுத்தவரையில் அது ஏறத்தாழ உண்மையே. தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்தோடு, திறந்த வாயும் தேறிய கண்ணுமாகப் பிறக்கும் அக்குஞ்சு, பிறந்த அன்றே நொறுக்கிய தீனியைக் கொத்தித் தின்ன வல்லது. கௌராமிக் குஞ்சோ, ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டில் ஒன்றரை நாளுக்குள் பொரிந்து, 3 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கண்ணாடி இழையாகத் தலைகீழாய்த் தொங்குகிறது. அப்பொழுது அதற்கு வாய் திறக்கவில்லை, குடல் நேரான ஒரு குழாய், இரைப்பை என்று சொல்லத்தக்கது உருவாகவே இல்லை. வயிற்றோடு ஒட்டிய கருவுணவுப் பையிலுள்ள சத்து தீர்ந்து, இரை தேடிக் குறுக்காக நீந்தத் தொடங்கும் நாளில் அதன் வாய் எவ்வளவு சிறிதென்றால், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவே, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிராணியே, அதற்குள் நுழையாது. அதற்குத் தகுந்த இரை, பாரமீசியம் முதலான, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரையுள்ள நுண்ணுயிர்களே. மிக்ஸியில் அரைத்த பொடியைச் சாதாரணப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் தெரியும்: அதில் பெரும்பகுதி குஞ்சின் வாய்க்குப் பெரிது, எஞ்சியது தண்ணீரில் கரைந்து புகையாகிவிடும் தூசு.

தங்கமீன் குஞ்சு இவ்விரண்டுக்கும் நடுத்தரமானது. 5 மில்லிமீட்டர் அளவில் பொரிக்கும். ஏஞ்சல் குஞ்சு நீந்தத் தொடங்கிய முதல் நாளிலேயே ஆர்ட்டீமியாவை விழுங்கும். டிஸ்கஸ் குஞ்சோ பெற்றோரின் உடலில் ஊறும் கோழையைக் கொத்தித்தான் முதல் நாள்களைக் கழிக்கிறது. எந்தப் பொடியும் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஜாதிக்கு ஜாதி இவ்வளவு வேறுபாடு இருக்க, கப்பியின் சாட்சியத்தைக் கொண்டு எல்லா மீனுக்கும் தீர்ப்பு எழுதுவது எந்த நியாய சாஸ்திரத்தில் அடங்கும்?

2. இன்று தின்னாவிட்டால் நாளை தின்னாதா? தின்னாது என்பதே பரிதாபம். பெரிய மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தேறிக்கொள்ளும். குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. நார்வே நாட்டுக் கடலாராய்ச்சியாளர் யோஹான் யோர்ட், 1914-ல் வெளியிட்ட தமது பிரசித்தமான ஆய்வில், கடலில் காட், ஹெர்ரிங் மீன்கள் ஒரு வருஷம் பெருகுவதற்கும் மற்றொரு வருஷம் அருகுவதற்கும் காரணம், கருச்சத்துத் தீர்ந்த உடனே குஞ்சுகளுக்கு இரை கிடைத்ததா இல்லையா என்பதாக இருக்கலாம் என்று கருதினார். 1963-ல் பிளாக்ஸ்டரும் ஹெம்பலும் ஹெர்ரிங் குஞ்சுகளை வைத்துப் பரீட்சித்து, பட்டினியில் ஒரு கட்டத்தைத் தாண்டிய குஞ்சு உயிரோடிருந்தும், எதிரே இரை வந்தும், அதை உண்ணும் சக்தியற்றுப் போகிறது என்று காட்டினார்கள். நம் வீட்டுத் தொட்டியில் நிகழ்வதும் இதுவே. கருச்சத்துத் தீர்ந்த பின் இரண்டு நாள் பொடி தூவுகிறோம். குஞ்சுகள் நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாம் நலமென்று எண்ணுகிறோம். அதற்கடுத்த இரண்டு நாளில் அவை ஒட்டிய வயிறும் பெருத்த தலையுமாக அடியில் கிடக்கின்றன. உடனே தண்ணீரின்மேல் பழி, சீதோஷ்ணத்தின்மேல் பழி, விற்றவர்மேல் பழி. மரணம் நேர்ந்த நாளை வைத்துக் காரணம் தேடுகிறோம். காரணமோ அதற்கு முன்பே தொட்டிக்குள் நிகழ்ந்து முடிந்துவிட்டது.

3. தூவியதெல்லாம் தின்றதாகுமா? ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவிவிட்டு, தொட்டியின் பக்கத்திலிருந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என் வாதம் வேண்டியதில்லை. பொடி நீரின் மேற்பரப்பில் மெல்லிய ஏடாகப் படர்கிறது. நனைந்த துணுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்து நேராக அடிக்கு இறங்குகிறது. குஞ்சுகள் அதனருகே நீந்திக் கடந்துபோகின்றன, திரும்பிப் பார்ப்பதில்லை. குஞ்சு கண்ணால் வேட்டையாடும் ஜந்து. அசைவது ஒன்றே அதற்கு இரையென்று படுகிறது. உயிருள்ள நுண்பூச்சி ஒன்று துடித்துத் துடித்து எதிரே வரும்போது, அதே குஞ்சு உடலை வில்லாக வளைத்து ஒரு கணம் நின்று சட்டென்று பாய்வதைக் காணலாம். பொடிக்கு அந்தப் பாய்ச்சல் கிடையாது.

தின்றாலும் அதில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஒரு பொருளைப் பொடிக்கப் பொடிக்க அதன் மேற்பரப்பு பெருகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 2 மில்லிமீட்டர் உருண்டையை மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள துணுக்குகளாக்கினால், அதே எடைக்கு நீரைத் தொடும் பரப்பு பத்து மடங்காகிறது. நீரில் கரையும் வைட்டமின்கள் அதற்கேற்ற வேகத்தில் வெளியேறிவிடுகின்றன. பெரும்பாலான மீன்கள் வைட்டமின் சி-யைத் தம் உடலில் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. ஆகாரத்தில் அது குறைந்தால் முதுகெலும்பு கோணிப்போகும். பெட்டியின்மேல் அச்சிட்ட சத்துக் கணக்கு உருண்டைக்கு உரியது; அதை நொறுக்கிய மறுகணமே அக்கணக்கு செல்லாது. குஞ்சுகளுக்கென்றே ஒட்டுப்பொருள் சேர்த்து, நுண்துகளாகவே சில கம்பெனிகள் தயாரிக்கும் தீனிகளை இங்கே நான் குறிப்பிடவில்லை. அவை உண்மையான சாதனை, அவற்றுக்குரிய இடத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். நாம் வீட்டில் நொறுக்குவது அந்தப் பண்டமன்று.

4. மஞ்சட்கரு மட்டும் என்ன? பறவையின் கருவை வளர்ப்பதற்காக அமைந்த பொருள் மீனின் குஞ்சையும் வளர்க்கும் என்ற எண்ணம் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மஞ்சட்கருவில் நூற்றுக்கு 16 பங்கு போலப் புரதமும், 27 பங்கு போலக் கொழுப்பும் இருக்கின்றன. குஞ்சுக்குப் பிரதானமாக வேண்டுவது புரதம். அதைவிடக் கெடுதல், அந்தக் கொழுப்பு நீரின்மேல் எண்ணெய்ப் படலமாகப் படிவது. பல மீன்களின் குஞ்சுகள் தம் காற்றுப்பையை முதன்முதல் நிரப்பிக்கொள்ள மேற்பரப்புக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியாக வேண்டும். கௌராமியும் சண்டைமீனும் சில வாரங்களுக்குப் பின் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பையும் பெறுகின்றன. கெண்டை நாற்றங்கால் குளங்களில் குஞ்சை விடுவதற்கு முன், குஞ்சுகளைத் தின்னும் நீர்ப்பூச்சிகளைக் கொல்ல, எண்ணெயும் சோப்பும் கலந்து நீர்மேல் பரப்புவது நெடுநாள் வழக்கம். அந்தப் படலம் பூச்சிகளுக்குக் காற்று எட்டாமல் செய்து கொன்றுவிடுகிறது. பூச்சியைக் கொல்லப் பண்ணைக்காரர் தெரிந்து செய்வதை, குஞ்சை வளர்ப்பதாக எண்ணி நாம் தெரியாமல் செய்கிறோம்.

5. அழுக்கு எது? உயிருள்ள ஆகாரம் அழுக்கு என்னும் குற்றச்சாட்டு, டியூபிஃபெக்ஸ் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. அப்புழுவைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. சாக்கடைச் சேற்றில் வாழும் அது, குளிர் நாட்டு டிரௌட் மீன்களைச் சுழற்றிச் சுழற்றிக் கொல்லும் ஒரு நோய்க் கிருமிக்கு இடைக்காலத்து வீடாக இருக்கிறது என்று 1984-ல் அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்டது. குஞ்சுத் தொட்டிக்குள் அதை விடவே கூடாதென்பது என் கட்சியும்கூட. ஆனால் சாக்கடைப் புழு அசுத்தம் என்பதிலிருந்து உயிருள்ளதெல்லாம் அசுத்தம் என்று முடிவு கட்டுவது எப்படி? ஆர்ட்டீமியா வாழும் இடம், மீன் எதுவும் தங்க முடியாத கடும் உப்புநீர். நம் தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலேயே அது இயற்கையாக வாழ்கிறது. மீனே இல்லாத நீரில் வாழும் பிராணி மீனின் ஒட்டுண்ணியைச் சுமந்து வருவது அரிது. மொய்னா என்னும் நீர்த்தெள்ளை நம் கொல்லைத் தொட்டியிலேயே வளர்த்துக்கொள்ளலாம். சாக்கடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சுத்தம் என்று புகழப்படும் பொடியின் பின்கதையையும் பார்ப்போம். தின்னப்படாத துணுக்கு சென்னை வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்குகிறது. புரதம் அழுகி அமோனியா பிறக்கிறது. அமோனியாவின் விஷப்பங்கு வெப்பம் ஏற ஏற அதிகமாகும். நீரின் காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால் அது ஏறத்தாழப் பத்து மடங்காகும். நம் ஊர் ஆழ்குழாய் நீரோ பெரும்பாலும் காரம் மிக்கது. மொய்னா, எவ்வளவு மிஞ்சினாலும், தின்னப்படும் வரை உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். ஆர்ட்டீமியாவும் நன்னீரில் சில மணி நேரம் துடிப்போடிருக்கும். மிச்சம் அழுகும் ஆகாரம் சுத்தமா, மிச்சம் உயிரோடிருக்கும் ஆகாரம் சுத்தமா?

6. பண்ணையில் பிண்ணாக்குப் போடுகிறார்களே? போடுகிறார்கள். ஆனால் அதற்கு முன் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நேர்மையன்று. குஞ்சை விடுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே குளத்தில் சாணமும் பிண்ணாக்கும் கரைத்து, மிதவை உயிரிகளைப் பெருக்கி, அவற்றை மெல்லிய வலைத்துணியில் வடித்து அளவு பார்த்த பிறகுதான் குஞ்சை விடுகிறார்கள். பின்னர்ப் போடும் பிண்ணாக்கும் தவிடும் துணை ஆகாரம். அதிலும் ஒரு பகுதி எருவாகி மிதவை உயிரிகளையே வளர்க்கிறது. வீட்டுத் தொட்டியின் தெளிந்த நீரில் அந்தப் பின்னணி எங்கே? குளத்திலிருந்து பிண்ணாக்கை மட்டும் கடன் வாங்கி, குளத்தை விட்டுவிட்டார்கள்.

லாப நஷ்டம் பார்த்துக் குஞ்சு வளர்ப்பவர்கள் எதை நம்புகிறார்கள் என்று காண விரும்புவோர், மரக்காணம் கடற்கரையிலுள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகங்களைப் பார்க்கட்டும். ஆர்ட்டீமியா இல்லாமல் அத்தொழில் நடப்பதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கொடுவா மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வித்தபோதும், அந்தக் குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிஃபர் என்னும் நுண்பிராணி, அப்புறம் ஆர்ட்டீமியா, அதற்கும் பிறகே தயாரித்த தீனி என்பதே கிரமம். விஞ்ஞானத்தின் பெயரால் பொடியை ஆதரிப்பவர்கள், விஞ்ஞானிகளின் கைகளையும் சற்றுக் கவனிப்பது நலம். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சிசாலையின் ஆல்வின் ஸீல், ஆர்ட்டீமியா மீன்குஞ்சுக்கு உகந்த ஆகாரம் என்று எழுதியது 1933-ல்.

7. சாவது இயற்கையா? இந்த வாதத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். ஆற்றிலும் ஏரியிலும் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது, தட்டான் புழுவும் பெரிய மீனும் நீர்ப்பாம்பும் வெள்ளமும் வறட்சியும் கொண்டுபோனவை போக மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. தொட்டிக்குள் பகை இல்லை, வெள்ளம் இல்லை, வறட்சி இல்லை. தாய் தகப்பனையும் நாமே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டோம். இத்தனை ஆபத்தையும் நீக்கிய பிறகும் ஆற்றில் சாகும் அதே விகிதத்தில் குஞ்சுகள் சாகுமானால், அந்தச் சாவுக்கு இயற்கை எப்படிப் பொறுப்பாகும்? ஊனமாகப் பொரிக்கும் சிலவற்றை நாம் காப்பாற்ற முடியாது என்பது மெய். மற்றவை பட்டினியால் சாகின்றன. பட்டினி போட்டவர் நாம். இந்தச் சமாதானம் இருக்கும் வரையில், எவரும் தம் தீனியைச் சந்தேகிக்க மாட்டார். சந்தேகிக்காதவர் திருத்திக்கொள்ளவும் மாட்டார்.

8. தொல்லைதானே? எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பவரே நிறுத்துப் பார்க்கட்டும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டத் தொடங்கும் அன்றே, ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, வேகவைத்து ஆறிய ஒரு பிடி வைக்கோலையோ காய்ந்த முட்டைக்கோஸ் இலையையோ போட்டு, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைக்க வேண்டியது. இரண்டொரு நாளில் அது பால்போல் கலங்கி நாறும். அது பாக்டீரியாவின் பெருக்கம், அதைக் குஞ்சுக்கு ஊற்றலாகாது. மேலும் சில நாளில் கலக்கம் தெளிந்து, நாற்றம் தணியும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் வெண்ணிறப் புள்ளிகள் புகைபோல் நகரும். அதுவே குஞ்சின் முதல் அமுது. ஒரு கரண்டி வீதம் பகலில் நாலைந்து தடவை ஊற்றினால் போதும். இரைப்பையற்ற குஞ்சு ஒரே வேளையில் தின்று வைத்துக்கொள்ள இயலாதாகையால், சிறுகச் சிறுகப் பலமுறை என்பதே விதி.

நான்கைந்து நாள் கழிந்து வாய் பெரிதானதும் ஆர்ட்டீமியா. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல்லுப்பும் ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவும் கரைத்து, அடி அறுத்துக் கவிழ்த்த சோடாப் புட்டியில் ஊற்றி, கழுத்துவரை காற்றுக் குழாயை இறக்கி, அரைத் தேக்கரண்டி முட்டையைப் போட்டு விளக்கடியில் வைத்தால், நம் சீதோஷ்ணத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் நீர் செம்மஞ்சளாகிவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் காத்திருந்தால், வெற்று ஓடு மேலே மிதக்கும், பொரிக்காதது அடியில் தங்கும், உயிருள்ளவை வெளிச்சத்தை நாடிக் கூடும். ஓட்டைத் தின்னும் குஞ்சின் குடல் அடைபடுமாதலால் இப்படிப் பிரிப்பதை அலட்சியம் செய்யக் கூடாது. வெளிச்சத்தருகே குழாயை வைத்து உறிஞ்சி, கைக்குட்டைத் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி ஊற்ற வேண்டியது. பொரித்த ஆர்ட்டீமியா முதல் சில மணி நேரம் தன் உள்ளிருக்கும் கருச்சத்தைக் கொண்டே ஜீவிக்கிறது. நேரம் போகப்போக அந்தச் சத்துத் தேய்கிறது. ஆகவே அன்று பொரித்ததை அன்றே கொடுத்துவிடுவது உத்தமம். சற்று நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் செம்மஞ்சள் மணியாகத் தெரியும். தின்றதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லாத ஆகாரம் இது; பொடியில் அந்த நிச்சயம் என்றைக்காவது கிடைத்ததுண்டா?

தயாரித்த தீனிக்கு இடமே இல்லை என்று நான் வாதாடவில்லை; அதன் இடம் மூன்றாம் வாரத்துக்குப் பின். அப்பொழுதும் ஆர்ட்டீமியாவைக் குறைத்துக்கொண்டே, நாளுக்கு ஒரு வேளையாகத் தீனியைப் பழக்க வேண்டும். நல்ல நுண்துகள் தீனி கிடைக்காதவர்கள் வீட்டிலேயே செய்யலாம்: சென்னாக்கூனியை மணலும் உப்பும் போக அலசி அரைத்து, ஒரு முழு முட்டையும் சிறிது கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்து, இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறிய பிறகு, சூட்டில் அழியக்கூடிய வைட்டமின்களைக் கலந்து, நிழலில் உலர்த்தி மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்வது. வெந்த முட்டை துணுக்கைக் கட்டிப்பிடிப்பதால் பொடி உடனே கரைந்துபோகாது.

செலவைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். நல்ல ஆர்ட்டீமியா முட்டை ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் பொரிக்கும். ஓர் ஈற்றில் முந்நூறு கௌராமிக் குஞ்சுகள் தேறின என்றும், ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு நூறு என்றும் தாராளமாக வைத்தாலும் வேண்டியது முப்பதாயிரம். ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. தனி ஒருவருக்குப் புட்டியும் குழாயும் வைத்துக்கொள்வது இயலாதென்றால், உயிர்ப்புழுவைப் பாலித்தீன் பையில் கட்டி அன்றாடம் விற்கும் கடைக்காரர், அதே பையில் காலையில் பொரித்த ஆர்ட்டீமியாவை அளந்து விற்பதற்கு ஒரு தடையுமில்லை. முட்டையிடும் மீனின் ஜோடியை விற்கும்போது பொடி டப்பாவையும் சேர்த்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, குஞ்சு நீந்தும் நாளில் வந்து இதை வாங்கிக்கொண்டு போங்கள் என்று அவர்கள் சொல்லத் தொடங்கலாம். ஒரு கிராமைப் பொரித்து வைத்தால் அன்றைக்கு ஆறு பேருக்குக் கொடுக்கலாம்.